என்னை ஜெபக் குறிப்பாக்கிய மகனுக்கு

தம்பி,

இதை உனக்கு மட்டும் எழுதி, மடித்து, நீ வரும்போது கையில் கொடுத்திருக்கலாம். முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நீ என்னைப் பற்றி எழுதியதை என் கையில் கொடுக்கவில்லையே. உன் ஃபெல்லோஷிப்பின் ஜெப வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். பத்து காவானிலும் பட்டர்வொர்த்திலும் நம் தீவிலுமாக எனக்கு முகம் தெரியாத எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டு வரிசையாக ஆமென் போட்டிருக்கிறார்கள். அதை எனக்குக் காட்டியது உன் ரோஸ் சித்தி. என் கூடப்பிறந்த தங்கை அந்தக் குழுவில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு அனுப்பியதோடு நிற்காமல் கீழே கும்பிடும் கைகளின் படம் ஒன்றையும் சேர்த்திருந்தாள். ஆகவே நானும் ஊரறியவே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ரோஸுக்குத்தான் அனுப்பப் போகிறேன். எதை எங்கே சேர்க்கவேண்டுமோ அங்கே அவள் சேர்த்துவிடுவாள்.

நீ எழுதியது இது: "என் தாயாருக்காக ஜெபியுங்கள். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று நம்புகிறார்கள். கல்யாணத்துக்கு முன் ஆண்டவர் அவர்கள் கண்களைத் திறக்கவேண்டும்." இதைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. சிவப்புப் பேனாவைத்தான் தேடினேன். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மனிதனுக்கும் குரங்குக்கும் வெகுகாலத்துக்கு முன்பு ஒரே மூதாதை இருந்தது என்றுதான் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வுபெறும்வரை சொல்லிக்கொடுத்தேன். நீ என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, நான் விடைத்தாள் திருத்துவதைப் பார்த்து வளர்ந்தவன். பரீட்சையில் நீ இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். அழுகை அதற்குப் பிறகு வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த ஆமென் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருக்காது. அவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் உனக்கும் கிரேஸுக்கும் கல்யாணம். நம் வழக்கத்தில் தாலி கட்டி முடிந்ததும் பிள்ளைகள் முழங்கால் போடுவார்கள், பெற்றவர்கள் தலையில் கை வைத்து ஜெபித்து ஆசீர்வதிப்பார்கள். என்னையும் உங்கப்பாவையும் அப்படித்தான் ஆசீர்வதித்தார்கள். அப்பா போய்விட்டதால் உனக்கு என் கை ஒன்றுதான் மிச்சம். உன் ஃபெல்லோஷிப்பிலோ, மேடையேறிக் கை வைக்கிறவர்கள் அதற்கு முன் மைக்கைப் பிடித்து ஒரு விசுவாச அறிக்கை சொல்லியாக வேண்டும். அதைப் பேசுவதற்காக என்னையும் கிரேஸையும் பத்து காவானுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கீழே டயர் கடை, மேலே உங்கள் சபை. ஏர்கான் அப்படிக் குளிர்ந்தது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் பாஸ்டர் என் பழைய மாணவர்களைவிட வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார், அதைக் குறை சொல்லமாட்டேன்.

அவர் அறிக்கையை வாசித்துக் காட்டினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, சிலுவை, உயிர்த்தெழுதல் என்று ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். அதையெல்லாம் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே ஞாயிறுதோறும் சொல்லிவருகிறேன், மனசாரச் சொல்லிவருகிறேன். கடைசிக்கு முந்திய வரியில் வந்து நின்றேன். உலகமும் அதிலுள்ள யாவும் இருபத்துநான்கு மணிநேரம் கொண்ட ஆறே நாளில் படைக்கப்பட்டன, மனிதன் எந்த மிருகத்தின் வம்சத்திலும் வந்தவன் அல்ல என்று அந்த வரி.

"பாஸ்டர், இந்த ஒரு வரிய மட்டும் நான் சொல்ல முடியாது" என்றேன்.

"ஏன் ஆன்ட்டி, படிக்கக் கஷ்டமா இருக்கா? பெரிய எழுத்துல பிரிண்ட் பண்ணித் தரேன்."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. அது உண்மைன்னு நான் நம்பல."

அவர் உன்னைப் பார்த்தார். நீ ஏர்கான் ரிமோட்டைப் பார்த்தாய். "ஆன்ட்டி, நீங்க பயாலஜி டீச்சர்னு தெரியும். அது ஸ்கூல் சிலபஸ். இது வேதம். ரெண்டுல ஒன்னுதான் நிக்கும் லா" என்றார்.

"ரெண்டும் எங்க வீட்டு அலமாரியில ஒரே தட்டுலதான் நிக்குது, பாஸ்டர். இத்தன வருஷத்துல சண்ட போட்டு நான் பாத்ததில்ல."

கிரேஸ் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணை எனக்கு அப்போதுதான் பிடித்தது. நீ சிரிக்கவில்லை. கடல்மேல் இரண்டாவது பாலத்தில் தீவுக்குத் திரும்பி வரும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்தாய். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் ஜெலுத்தோங் வீட்டு வாசலில் வந்து நின்றாய். கார் இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. "அம்மா, சித்தி மேடையில நிக்கட்டும். நீங்க முன்னால உக்காருங்க. யாருக்கும் சங்கடம் வேணாம்" என்றாய். பின்னால் வருகிறவனுக்கு வழி விடச் சொல்வதுபோல அதைச் சொன்னாய். நான் "சரி" என்றேன். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்றுகூட நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

ரோஸ் நல்லவள்தான். எனக்கு ஆப்பரேஷன் நடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். ஆனால் அவள் எதை நம்புகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. சாலையில் இரண்டு கார் மோதிக்கொண்டால், அடிபட்டவன் எழுந்தானா என்று பார்க்குமுன் நம்பர் பிளேட்டைப் பார்ப்பாள். சாயங்காலமே நாலு நம்பர் லாட்டரிக் கடை வாசலில் நிற்பாள். உங்கப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய கட்டில் நம்பரையும் அவள் விட்டுவைக்கவில்லை. அது விழவில்லை என்பது எனக்கு அற்ப சந்தோஷம். உன் முடிவைக் கேட்டதும் எனக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஆறு நாளோ ஆறு கோடி வருஷமோ, நீயும் நானுமா பக்கத்துல நின்னு பாத்தோம்? சொல்லிட்டு எறங்கிவந்து பிரியாணி சாப்பிடு லா."

"நீ சொல்லப் போறியா?"

"நான் எதுக்குத்தான் ஆமென் சொல்லல?" என்றாள்.

இவள் உன்னை ஆசீர்வதிக்கலாம், நான் கூடாது. அதுதான் உன் சபையின் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலை வைத்து உங்கள் தொழிற்சாலையில் ஒரு ஆணியைக்கூட அளக்கமுடியாது. மருத்துவக் கருவி செய்கிற இடத்தில் தரம் பார்க்கிறவன் நீ. ஒரு தலைமுடி அகலம் பிசகினால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறாய் என்று பெருமையாகச் சொன்னவன். ஞாயிற்றுக்கிழமையானால் மட்டும் அந்தக் கண்ணை எங்கே கழற்றி வைக்கிறாய்?

நீ என்னைப் பார்த்துப் பயப்படுகிறாய், அது எனக்குப் புரிகிறது. ஏனென்றால் அந்தப் பயத்தை நானும் பட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், இரண்டில் ஒன்றுதான் நிற்கும் என்று நானும் நினைத்து ஜெபத்தை விட்டேன். வீட்டுக்கு வந்தால் சர்ச்சுக்குப் போவேன், பாட்டுப் பாடுவேன், உள்ளே ஒன்றும் இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் அடைகாத்த கோழிமுட்டைகளைக் கொடுத்து ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டச் சொன்னார்கள். மூன்று நாள் ஆன முட்டை. உள்ளே மஞ்சள்கருவின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அதுதான் இதயம். கண் இன்னும் கண்ணாகவில்லை, இறகு இல்லை, கால் இல்லை. இதயம் மட்டும் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. கழுத்துப் பக்கம் மடிப்பு மடிப்பாகச் சில வளைவுகள் தெரிந்தன. அதே வளைவுகள் மீனுக்கும் தோன்றும், மனிதனுக்கும் தோன்றும் என்று விரிவுரையாளர் சொன்னார். மீனுக்கு அவை செவுளாகும், நமக்குத் தாடையும் காதும் தொண்டையும் ஆகும் என்றார்.

எல்லாரும் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். செய்கிறவர் ஒருவர்தான், அவருக்கு அவசரமில்லை என்று எனக்குத் தோன்றியது. மீனில் தொடங்கியதைத் தூக்கி எறியாமல், திருத்தித் திருத்தி என் காதுவரைக்கும் கொண்டுவந்திருக்கிறார். இத்தனை கோடி வருடம் ஒரு வேலையைக் கைவிடாமல் இருக்கிறவரை என்னால் நம்பமுடிந்தது. அன்றைக்கு அந்த நாற்றம் பிடித்த ஆய்வுக்கூடத்தில், உயர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மறுபடி ஜெபித்தேன். அதற்குப் பிறகு நான் ஜெபத்தை விட்டதில்லை. உன் குழுவில் யாருக்காவது சாட்சி வேண்டுமென்றால் இதுதான் என் சாட்சி. மேடை கொடுத்தால் மைக்கிலும் சொல்வேன்.

உனக்கு இடது காதுக்கு முன்னால் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை இருக்கிறது. எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது. ரோஸுக்கு இல்லை. நீ ஒன்பது வயதில் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாய். பையன்கள் உன் காதில் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தார்களாம். உன்னை மடியில் இழுத்துவைத்து அந்த முட்டையின் கதையைச் சொன்னேன். காது உருவாகும்போது சின்னச் சின்ன மேடுகள் வந்து ஒன்றுசேரும், சில பேருக்கு ஒரு இடத்தில் முழுக்கச் சேராமல் நின்றுவிடும், மீனுக்குச் செவுள் வருகிற அதே வளைவில்தான் இந்த வேலையெல்லாம் நடக்கிறது என்றேன். "அப்போ இது மீன் ஓட்டையா மா?" என்று கேட்டாய். அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை. மறுநாள் நீயே கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டினாய். அந்த வாரம் நம் சர்ச்சில் ஞாயிறு வகுப்பிலும் காட்டிவிட்டாய். வகுப்பெடுத்த அம்மாள் உன்னை எழுப்பி நிற்கவைத்து, தாய் சரியில்லாவிட்டால் பிள்ளை இப்படித்தான் என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் சொன்னார்.

என்மேல் புகார் சபைக் கமிட்டிக்குப் போனது. உங்கப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர் என்பது உனக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர்தான் எழுந்தார். "ஆண்டவர் எப்படிச் செஞ்சாருன்னு என் பொண்டாட்டி படிச்சிருக்கா. எதுக்குச் செஞ்சாருன்னு நீங்க சொல்லிக் குடுங்க. என் புள்ளைக்கு ரெண்டும் வேணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே வந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு ஃபெர்ரியில் ஏறி, அக்கரையில் இறங்காமலே திரும்பி வந்தார். அது உனக்கு இன்னும் நினைவிருக்கும், உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் சாப்பிட்டீர்கள். எதற்காக அந்தப் பயணம் என்று உனக்கு அப்போது தெரியாது. வெட்கப்பட்டுத் தலை குனியாமல் வளரவேண்டும் என்று உன்னைக் காற்று வாங்கக் கூட்டிப்போனார். அந்த மனுஷனுடைய மகன்தான் இன்றைக்குத் தன் தாயைப் பற்றிக் குழுவில் எழுதுகிறான்.

பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தில், அந்த ஓட்டை சீழ் பிடித்தது. முகமே ஒரு பக்கம் வீங்கி, காய்ச்சலில் பிதற்றினாய். டாக்டர் கொடுத்த முதல் மருந்து கேட்கவில்லை. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, தாங்கி நின்றது மட்டும் பிழைத்துப் பெருகிவிட்டது என்று சொல்லி வேறு மருந்து எழுதினார். அந்தக் கிருமிக்கு நடந்ததும் பரிணாமம்தான், தம்பி. அதை ஒத்துக்கொண்டவர் எழுதிய மருந்தில்தான் நீ பிழைத்தாய். நானும் அப்பாவும் உன் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழங்கால் போட்டு ஜெபித்தோம், அதையும் சொல்லவேண்டும். மருந்தையும் கொடுத்தோம், ஜெபமும் செய்தோம். எங்களுக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. காய்ச்சல் விட்டதும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு வேண்டும் என்று கேட்டு, அப்பாவின் தட்டிலிருந்த மீன்தலையையும் சேர்த்துத் தின்றாய்.

இனி நாம் இருவரும் பேசாமல் விட்டதற்கு வருகிறேன். அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்ன அன்று மத்தியானம், ஆஸ்பத்திரி கேண்டீனில் நீ என்னைக் கேட்டாய், "ஏம்மா அப்பாவுக்கு?" என்று. நான் சொன்னேன். ஒரு செல் இரண்டாகும்போது பிசகு நடந்துவிட்டது, அது எல்லா உடம்பிலும் நடப்பதுதான், அப்பாவுக்கு அது நிற்காமல் போய்விட்டது, யார் செய்த பாவமும் இதற்குக் காரணமில்லை என்றேன். "அப்போ ஆண்டவர் எங்க?" என்று கேட்டாய். "அப்பா பக்கத்துலதான்" என்றேன். நீ அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அப்பா சாகும்போதுகூட எங்கம்மா எனக்குப் பாடம் எடுத்தார்கள் என்று நீ சாட்சி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதையும் கொண்டுவந்து சேர்த்தது ரோஸ்தான்.

உன் ஃபெல்லோஷிப் நண்பர்கள் அந்தச் சமயத்தில் வந்தார்கள். தினமும் யாராவது ஒருவர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர்கள் மீன்குழம்பு நன்றாக இருந்தது, நானும் சாப்பிட்டேன். உங்கள் பாட்டையெல்லாம் கரவோக்கே என்று ஒருமுறை கேலி செய்தேன், அது தப்பு, அந்தப் பிள்ளைகள் நன்றாகவே பாடுகிறார்கள். அவர்கள் உனக்கு ஒரு பதிலும் கொடுத்தார்கள். ஆண்டவர் உங்கள் குடும்பத்துக்கு ஒரு பாடம் கற்பிக்க இதை அனுமதித்தார், எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் உண்டு என்றார்கள். உனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. எனக்கு இல்லை. என் மகனுக்குப் பாடம் கற்பிப்பதற்காக என் புருஷனுடைய கணையத்தில் ஒரு செல்லைத் தேடிப்பிடித்துக் கெடுத்தவர் என்றால், அவர் முன்னால் நான் முழங்கால் போடமாட்டேன். அப்படிப்பட்டவர் அல்ல அவர் என்று நான் நம்புவதற்கு எனக்குத் துணை நின்றது நான் படித்த பாடம்தான். உயிர்கள் உருவாகிற விதத்திலேயே பிசகும் சேர்ந்து வருகிறது, அந்தப் பிசகு இல்லாமல் மீனும் இல்லை, நீயும் இல்லை. அதே பிசகு உங்கப்பாவைக் கொன்றது. இது கசப்பான விஷயம். ஆனால் இதில் என் ஆண்டவர் கொலைகாரர் ஆவதில்லை. கேண்டீனில் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நீ எதிர்பார்த்தால், கேட்கமாட்டேன். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கல்யாணமாகப் போகிறவனுக்குத் தாய் ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு. கிரேஸிடம், நம்பாததை நம்புவதாக நடிக்காதே. அவளையும் நடிக்க வைக்காதே. அன்றைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்ட வேகத்தைப் பார்த்தேன், அதுதான் எனக்குக் கவலை. நானும் அப்பாவும் எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போனதில்லை. சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் செய்வோம், பிறகு ஒன்றாக ஜெபம் செய்வோம், சில நாள் ஜெபத்திலேயே அவர் எனக்குக் குத்தலாக ஒரு வரி சேர்ப்பார். அப்படித்தான் வாழ்ந்தோம். இரண்டாவது, உன் மனைவியோடு சண்டை வந்தால் அவளிடமே போய்ச் சண்டை போடு. குழுவில் போடாதே. ஊரே சேர்ந்து ஆமென் சொன்ன பிறகு ஒருத்தி உன்னோடு ஒரே தட்டில் எப்படிச் சாப்பிடுவாள்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வரியை நான் சொல்லிப் பார்த்தேன். போன வாரம், மத்தியானச் சோறு வெந்துகொண்டிருந்தபோது. கை வைக்க உன் தலை இல்லாததால் ரைஸ் குக்கர் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் நாக்கு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஆறு நாளும் இருபத்துநான்கு மணிநேரமும் மளமளவென்று வந்துவிட்டன. சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது, கையை எடுத்துவிட்டேன். பிடிவாதத்தால் மறுக்கிறேன் என்று ரோஸ் சொல்கிறாள். பிடிவாதம் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் தலையில் கையை வைத்துக்கொண்டு, ஆண்டவருக்குக் கேட்கிற தூரத்தில் நின்று, பொய் சொல்லி உன்னை ஆசீர்வதித்தால் அந்த ஆசீர்வாதம் உனக்கு எதற்கு ஆகும்? அதை வாங்கிக்கொள்ள நீ தயாராக இருக்கிறாய் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. நான் நம்புகிறேனா என்று உனக்குக் கவலையில்லை. சொன்னால் போதும் என்கிறாய்.

கல்யாணத்துக்கு வருவேன். அப்பா கடைசியாக வாங்கிக்கொடுத்த ஊதாப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, நீ சொன்ன முன்வரிசையில் உட்காருவேன். யாரிடமும் முகத்தைத் தூக்கமாட்டேன், பிரியாணியும் சாப்பிடுவேன். ஜெபிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடுவார்கள், நான் மட்டும் மூடமாட்டேன். உன் தலையில் ரோஸின் கை இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் நீயே வந்து தலையைக் குனிந்து நிற்பாய். நான் கை வைப்பேன். என் பெருவிரல் தானாக அந்த ஓட்டையின்மேல் போய் நிற்கும். "கூசுது மா, சீக்கிரம் ஆமென் சொல்லுங்க" என்பாய். ரோஸுக்கு அந்த இடம் தெரியாது.

இன்னும் ஒன்றே ஒன்று. அது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிற ஓட்டை. என் அப்பாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது, உனக்கு வந்தது. உன் பிள்ளைக்கும் வரலாம். மேடையில் நின்று யார் என்ன அறிக்கை செய்தாலும், வருவதென்றால் வரும். கிரேஸ் முதன்முதலாக அதைப் பார்த்ததும் பயந்துபோய் உன்னைக் கேட்பாள், "இது என்ன, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று. அன்றைக்கு எனக்குப் போன் போடாதே, நான் விளக்கம் சொல்ல வரமாட்டேன். உன் பாஸ்டரையும் கேட்காதே. "எங்கம்மாகிட்டேருந்து வந்தது" என்று மட்டும் சொல். அதைச் சொல்ல யாருடைய அனுமதியும் உனக்கு வேண்டாம். இத்தனை வருடம் நான் நடத்திய பாடம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. அதுவரைக்கும் உன் குழுவின் ஜெபக் குறிப்பிலிருந்து என்னை எடுத்துவிடு.

கை வைக்க இடமில்லாத,
உன் அம்மா